ரவுண்டு அடிச்சேன்

நீதிமன்றத்தில் அவளுக்கு டிக்‌ஷனரி என்று பெயர். வாசலில் பையைச் சோதிக்கும் காவலர் முதல் நீதிபதிக்குத் தட்டச்சு செய்கிறவர் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். தமிழ் மட்டுமே தெரிந்தவர்கள் வழக்கில் மாட்டிக்கொண்டால், அவர்கள் பேசுவதை ஆங்கிலத்திலும் மற்றவர்கள் பேசுவதைத் தமிழிலும் சொல்வது அவள் வேலை. பதினாறு வருஷமாக அதைத்தான் செய்துவந்தாள். பயந்த சுபாவம். லிஃப்டில் தனியாக ஏறமாட்டாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக் என்பதால் வீட்டில் அது தீராத கேலி. ஆனால் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டால் குரலில் நடுக்கமே இருக்காது. பேசுவது தான் இல்லை, வேறொருவர் என்கிற தைரியம்.

அந்தத் தைரியம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளை விட்டுப் போனது.

அடுத்த திங்கட்கிழமை விசாரணைக்கு வரும் வழக்கின் கட்டு அவள் கைக்கு வந்திருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், குடோன் ஒன்றின் மேனேஜரை அவருடைய அறையிலேயே யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இரண்டு குண்டு. துப்பாக்கி குடோனுக்குச் சொந்தமானது, வாட்ச்மேன் அறை லாக்கரில் இருப்பது. அன்றைக்கு மதியம்தான் மேனேஜர் பத்துப் பேர் முன்னால் வாட்ச்மேனைக் கண்டபடி திட்டியிருந்தார். மறுநாள் காலை போலீஸ் நிலையத்தில் வாட்ச்மேன் கொடுத்த வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் எழுதியது இவள்தான். கீழே இவள் கையெழுத்தும் இருந்தது. அந்த ஆங்கிலம் சொன்னது இதுதான்:

‘என்னைத் திட்டினார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு ரவுண்டு சுட்டேன். மனம் ஆறவில்லை. இன்னொரு ரவுண்டு சுட்டேன். பிறகு தண்ணீர் குடித்தேன். கேட்டைப் பூட்டிவிட்டு உட்கார்ந்தேன்.’

கட்டை மூடப் போனவள் நிறுத்தினாள். ஒரு மனிதனைச் சுட்டுவிட்டு, தண்ணீர் குடித்து, கேட்டைப் பூட்டி, வேலை பார்க்க உட்கார்வானா ஒருவன்? மனசுக்குள் ஏதோ நெருடியது.

வாக்குமூலம் கேட்கும்போது ஆட்கள் சொல்வதைத் தமிழிலேயே வேகமாக ஒரு நோட்டில் குறித்துக்கொள்வாள். அந்த நோட்டுகளை பீரோவின் மேல் அடுக்கி வைத்திருந்தாள். வீட்டுக்குப் போனதும் ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்த மாதத்து நோட்டைத் தேடி எடுத்தாள். அவள் கையெழுத்திலேயே இருந்தது: ‘கோவம் வந்துச்சு. ஒரு ரவுண்டு அடிச்சேன். மனசு ஆறலை. இன்னொரு ரவுண்டு அடிச்சேன்.’

ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அடிச்சேன். சுட்டேன் இல்லை. குடோனைச் சுற்றி ரவுண்டு அடிப்பதுதானே வாட்ச்மேனின் வேலையே. வாக்குமூலம் எடுத்த அன்றைக்கு, விசாரணை அறைக்குள் போவதற்கு முன்பே, வழக்கை விசாரித்த போலீஸ் அதிகாரி அவளை நடையில் நிறுத்தி, இரண்டு ரவுண்டு சுடப்பட்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லியிருந்தார். அந்த இரண்டு குண்டையும் காதில் போட்டுக்கொண்டுதான் உள்ளே போனாள். ‘எந்த ரவுண்டு?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை. எழுதி முடித்ததும் நோட்டைப் பார்த்துத் தமிழில் வாசித்துக் காட்டினாள். அவன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளே அவன் காதில் விழுந்ததால் அவனும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு அந்த வார்த்தை அவளைத் துரத்த ஆரம்பித்தது. முன்பெல்லாம் அது காதில் விழுந்ததே இல்லை. இப்போது பக்கத்துக் கடையில், மாடிப்படியில், எங்கே பார்த்தாலும் அதுதான். வேலைக்கு முயன்றுகொண்டிருந்த மகள் ஃபோனில், இரண்டாவது ரவுண்டு இன்டர்வியூ முடிந்தது, இன்னும் ஒரு ரவுண்டு இருக்கிறது என்றாள். கீழ்வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால்தான் தெரியும் என்று அவர் மனைவி சொன்னார். நண்பர்களோடு உட்கார்ந்துவிட்டு வந்த கணவர், ஒரு ரவுண்டுதான் என்று சத்தியம் செய்தார். யாரும் யாரையும் எந்த ரவுண்டு என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் சட்டென்று புரிந்தது. தனக்கும் அப்படிச் சட்டென்று புரிந்துதானே தொலைத்தது என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை போலீஸ் நிலையப் பதிவு அறை ஜன்னலில் போய், அந்த வாக்குமூலத்துக்கு ஒலிப்பதிவு ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தாள். இல்லை, அன்றைக்கு மெஷின் ரிப்பேர் என்றார் குமாஸ்தா. எதற்குக் கேட்கிறீர்கள் என்றார். சும்மாதான் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அந்த அதிகாரி நிற்கிறார். வீட்டில் அவள் மட்டும்தான். இந்தப் பக்கம் ரவுண்ட்ஸ் வந்தேன், தாகமாக இருந்தது என்று ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டாவது மாடிக்கு யாரும் தாகத்துக்காக ஏறி வருவதில்லை. அவள் சமையலறையிலிருந்து டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அவர் உட்காரவில்லை. சாப்பாட்டு மேசைக்கு அருகே நின்றபடி, அந்த வழக்கில் அவள் செய்த வேலை அருமை என்றார். வழக்கே அதன் மேல்தான் நிற்கிறது என்றார். தான் தவறாக மொழிபெயர்த்துவிட்டதாகத் தானே போய்ச் சொன்ன ஒரு பெண்ணை அவருக்குத் தெரியுமாம். தெரிந்தே செய்தாளா தெரியாமல் செய்தாளா என்று விசாரித்து முடிக்க மூன்று வருஷம் ஆனதாம், பாவம். பிறகு, பழைய குறிப்பு நோட்டுகளை வைத்திருக்கும் வழக்கம் உண்டா என்று சாதாரணமாகக் கேட்டார்.

இல்லை என்றாள்.

நோட்டு மேசை மேல்தான் இருந்தது. அவர் தண்ணீரைக் குடித்து முடித்து, டம்ளரை அதன் மேலேயே வைத்துவிட்டுப் போனார். அவருக்குத் தெரியுமா, தெரியாதா? கதவைத் தாழ்ப்பாள் போட்டபின்னும் அவளால் ரொம்ப நேரம் அந்த டம்ளரைத் தொட முடியவில்லை.

சாயங்காலம் அவள் சொன்ன எல்லாவற்றையும் கணவர் கேட்டுக்கொண்டார். இந்த மனிதர் எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். அவரே எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“நோட்டைக் கொளுத்திடு” என்றார். “எட்டு மாசத்துக்கு முன்னாடி ஒருத்தன் சொன்னது ஞாபகம் இல்லைன்னா யாரு என்ன கேக்கப் போறா? உன்னைப் பிடிச்சு உள்ள வெச்சா நம்ம பொண்ணு கதி என்ன?”

அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“சரி, அவன் நிஜமாவே சுட்டிருந்தா? நீ காப்பாத்தப் போறது ஒரு கொலைகாரனா இருந்தா என்ன பண்ணுவே?”

அந்தக் கேள்வி அவளுக்கும் இருந்தது. அதிகாரியைவிட அதற்குத்தான் அதிகமாகப் பயந்தாள்.

“சுட்டாரா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க” என்றாள். “சுட்டேன்னு சொன்னாரா இல்லையான்னு தெரியும். சொல்லலை.”

கணவர் அதற்குமேல் வாதாடவில்லை. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அவளோடு வந்தார்.

நீதிமன்றத்தில் அதிகாரி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்துத் தெரிந்தவர் மாதிரி தலையசைத்தார். கூண்டில் நின்ற வாட்ச்மேன் பாதியாக இளைத்திருந்தான். அந்தப் பெரிய அறையில் தன் மொழி பேசும் ஒரே ஆள் என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அரசு வக்கீல் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் வாசித்தார். அதை அவள் தமிழில் சொல்ல வேண்டும். 

“ஒரு ரவுண்டு சுட்டேன், அப்புறம் இன்னொரு ரவுண்டு சுட்டேன்னு நீங்க சொன்னதா எழுதியிருக்கு” என்றாள்.

அவன் முகம் மாறியது. “சுட்டேன்னு நான் சொல்லலையேம்மா. அடிச்சேன்னுதானே சொன்னேன். குடோனைச் சுத்தி ரெண்டு ரவுண்டு அடிச்சேன். எனக்குக் கோவம் வந்தா நடப்பேன்.”

அதையும் ஒரு எழுத்து விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். அரசு வக்கீல் சிரித்தார். சிறைக்குள் எட்டு மாதம் இருந்தால் எல்லோருக்கும் புதுப்புது ஞாபகம் வரும் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அவ்வளவுதான். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அந்த நொடி தாண்டிப் போயிருக்கும்.

அவள் நீதிபதியின் பக்கம் திரும்பி, இனி பேசப்போவது தன்னுடைய சொந்தப் பேச்சு என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பதினாறு வருஷத்தில் முதல்முறையாக அந்த அறையில் அவள் குரல் நடுங்கியது. கைப்பையின் ஜிப் சிக்கிக்கொண்டு திறக்கவில்லை. இரண்டு கையாலும் இழுத்துப் பிய்த்துத்தான் நோட்டை வெளியே எடுத்தாள்.

நீதிபதி அவளை நிறுத்தினார். அவள் சொல்வது அவளுக்கு எதிராகவே திரும்பக்கூடும், தொடர விருப்பமா என்று கேட்டார். கணவர் கடைசி பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தார். அதிகாரி பேனாவை எடுத்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். தொடர்கிறேன் என்றாள். தொடர்ந்தாள். முடித்தபோது வாட்ச்மேன் நின்றிருந்த கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வாக்குமூலம் செல்லாது என்றாகிவிட்டது. அது போனதும் போலீஸ் மறுபடி முதலிலிருந்து விசாரிக்க வேண்டிவந்தது. லாக்கருக்கு இன்னொரு சாவி இருந்தது. அது மேனேஜரின் மைத்துனரிடம் இருந்தது. ஐந்தாவது வாரம் அவர், சுட்டது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். வாட்ச்மேன் வெளியே வந்தான்.

டிக்‌ஷனரி மேல் விசாரணை ஒரு வருஷம் நடந்தது. சிறைக்கு அனுப்பவில்லை, நீதிமன்றப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு வருஷமும் தெருவில் ஒரு கார் வேகம் குறைத்தால் போதும், ஜன்னலை விட்டு விலகிவிடுவாள். அதிகாரி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்று கணவர் விசாரித்துவந்து சொன்னார். சொல்லி என்ன, உடம்பு கேட்க வேண்டுமே. பிறகு ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு மொழிபெயர்க்கும் வேலை கிடைத்தது. வலி எங்கே, எப்படி, எந்த மாதிரி என்று திரும்பத் திரும்பக் கேட்டு நோயாளிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. கதவு ஓட்டை வழியாகப் பார்த்தாள். வாட்ச்மேன் நின்றிருந்தான். திறக்கலாமா வேண்டாமா என்று தாழ்ப்பாளில் கையை வைத்தபடி நின்றாள். திட்ட வந்திருப்பானோ? அடிக்க வந்திருப்பானோ? அவனுக்கு உரிமை இல்லாமலா?

திறந்தாள். உள்ளே வரச் சொன்னாள். அவன் வரவில்லை.

“அன்னைக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா” என்றான்.

“கேட்டிருக்கணும்” என்றாள்.

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. அசதிதான் தெரிந்தது.

“நீங்க எழுதினதை வக்கீல் ஆபீஸ்ல என் பொண்டாட்டிகிட்ட சொன்னாங்க. என் வாயாலயே சொல்லிட்டேன்னு நம்பிட்டா. இப்ப வீட்டுக்கு வந்துட்டேன், அந்த மைத்துனன்தான் பண்ணான்னும் தெரிஞ்சுபோச்சு. ஆனாலும் நான் ஒரு டம்ளரை எடுக்கக் கை நீட்டினா ஒரு நிமிஷம் பின்னாடி போறா. பிள்ளைங்களையும் இழுத்துக்கிறா.” நிமிர்ந்து அவளைப் பார்த்தான். “நான் சொன்னா எடுபடலை. நீங்க வந்து அவகிட்ட சொல்லணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

அந்தப் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். இருபது நிமிஷத்தில் ஒன்று இருக்கிறது என்றான். கணவரிடம் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவன் பின்னால் படியிறங்கினாள்.