ஸ்கொட்லாந்துக்காரனுக்கு ஒரு போத்தல்

அந்த மனிதனை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நான் மனம் மாறுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

சுவிஸில் வில் என்ற நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கழகத்தில் உதைபந்தாட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். வயது பத்தொன்பது. பகலில் மின்வேலை பழகினேன், பின்னேரம் பயிற்சி. முதல் அணியில் இடப்பக்கம் அப்போதுதான் எனக்குக் கிடைத்திருந்தது. அந்த இடம் நிலைத்தால் அடுத்த வருடம் சம்பளத்தோடு ஒப்பந்தம் என்று கழகத்தில் சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் அந்த ஸ்கொட்லாந்துக்காரன் பயிற்சியாளனாக வந்து சேர்ந்தான்.

ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரனாம். பிறகு சைப்பிரஸ், மலேசியா, கானா, ஐஸ்லாந்து என்று பயிற்சியாளனாகப் போகாத இடமில்லை. ஓரிடத்திலும் நிலைத்ததில்லை. ஏன் என்று கேட்க எங்கள் நிர்வாகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறநாட்டுக்காரனைக் கண்டு வாய்பிளப்பது எங்கள் ஆட்களின் வியாதி என்று நினைத்திருந்தேன். சுவிஸ்காரருக்கும் அது உண்டு.

வாயைத் திறந்தால் ஏச்சுத்தான். பந்து தவறினால் ஆட்டத்தை நிறுத்தி, "மலேசியாவில் எங்கள் பஸ் சாரதி உன்னைவிட நன்றாக உதைப்பான்" என்பான். ஆனாலும் ஒவ்வோர் ஆட்டத்திலும் என்னை இறக்கினான். அதை மறைக்க மாட்டேன்.

இதற்குள் அப்பா வந்து புகுந்தார். அப்பாவுக்கு உணவகச் சமையலறையில் வேலை. அவர் யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில், பிள்ளையைப் பற்றிக் கதைக்க வாத்தியார் வீட்டுக்கு ஒருவரும் வெறுங்கையோடு போகமாட்டார்களாம். ஒரு வாழைக்குலையாவது போகுமாம்.

"அப்பா, இஞ்ச அப்பிடிச் செய்யிறேல்லை. பேசாம இருங்கோ."

"நீ சும்மா இரு. ட்ரெய்னரும் வாத்தியார்தானே. ஸ்கொட்லாந்துக்காரருக்கு என்ன விருப்பம் எண்டு எனக்குத் தெரியாதோ?"

ஒரு சனிக்கிழமை பயிற்சி முடிந்து வந்தால், உடைமாற்றும் அறை வாசலில் அப்பா நிற்கிறார். கோயிலுக்குப் போகிற சேர்ட். கையில் மினுங்கல் தாள் சுற்றிய விஸ்கிப் போத்தல். இரண்டு கையாலும் அவனிடம் நீட்டி, தனக்குத் தெரிந்த ஜெர்மனில், மகனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அவன் தாளைக் கிழித்துப் பார்த்தான். முகம் இறுகியது. மூடியைத் திருகி, கைகழுவும் தொட்டியில் முழுவதையும் ஊற்றினான். வெறும் போத்தலை அப்பாவின் கையிலேயே திருப்பி வைத்தான். பிறகு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னான்: "போன இடமெல்லாம் என் வேலையைத் தின்றது இதுதான். இதைக் கொண்டுவந்தா உனக்கு இடம் வாங்கப் பார்க்கிறீர்கள்?"

அப்பாவுக்கு ஆங்கிலம் விளங்காது. "கள்ளச் சரக்கெண்டு நினைச்சிட்டாரோ? பில்லைக் காட்டவோ?" என்று சட்டைப்பையைத் தடவினார்.

"வாங்கோ போவம்" என்றேன்.

அடுத்த ஆட்டத்தில் என்னை இறக்கவில்லை, மாற்று ஆட்டக்காரரோடு வாங்கில் இருத்தினான். அதற்கடுத்ததிலும் வாங்கில். அது லஞ்சமில்லை, வாத்தியாருக்குக் கொடுக்கிற மரியாதை என்று அவனிடம் போய்ச் சொன்னேன். "உங்கள் வழக்கத்தை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்" என்றான். குடியை விட்டவன் என்றால் நல்லது, நன்றாயிருக்கட்டும். அது அறியாத மனிதனை மகனுக்கு முன்னால் அப்படி அவமானப்படுத்த வேண்டுமா? பருவம் முடியமுதலே அவன் வேறொரு நாட்டுக்குப் பறந்துவிட்டான். வாங்கில் இருந்தவனுக்கு எந்த நம்பிக்கையில் ஒப்பந்தம் கொடுப்பது என்றான் புதிதாக வந்தவன். என் இடம் வேறொருவனுக்குப் போனது.

இப்போது முழுநேரமும் மின்வேலைதான். சிலவேளை தொலைபேசியில் அந்த ஸ்கொட்லாந்துக்காரனின் பெயரைத் தேடுவேன். ஒவ்வொருமுறையும் வேறொரு நாடு. அவனுக்கு மட்டும் எப்படியும் ஓரிடம் கிடைத்துவிடுகிறது.

அவன் சொன்னதன் அர்த்தத்தை அப்பாவுக்கு நான் சொல்லவேயில்லை. தன்னால்தான் கெட்டது என்று தெரிந்தால் உடைந்துபோவார் என்று பயம். போன பொங்கலன்று, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார்:

"கடையில நல்ல பழைய சரக்கொண்டும் இருந்தது. விலையைப் பாத்திட்டு மலிஞ்சதை எடுத்தன். அண்டைக்கு அதை வாங்கியிருந்தா, நீ இண்டைக்கும் விளையாடிக்கொண்டிருப்பாய்."

"அது இல்லை, அப்பா" என்றேன்.

அவர் நம்பவில்லை.