பதிமுக வெள்ளம் ஓடிய கம்ப்யூட்டர்

பகல் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்து லாரி ஓட்டுகிறேன் என்று சொன்னால் டிப்போவில் சிரிப்பார்கள். அதனால் யாரிடமும் சொன்னதில்லை. வெள்ளறடைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் வளைந்து வளைந்து ஓட்டி, இடுப்பு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக வந்து சேர்வேன். குளித்துக் கஞ்சி குடித்துவிட்டு, மாடி அறையில் மகன் விட்டுப்போன கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து லாரி ஓட்டும் விளையாட்டைப் போடுவேன். மகன் இங்கிலாந்துக்குப் படிக்கப் போய் அங்கேயே வேலையில் சேர்ந்தவன். அங்கிருந்தபடியே அவனும் அதே விளையாட்டுக்குள் வருவான். எங்கேயோ ஒரு தேசத்துச் சாலையில் அவன் லாரி முன்னால் போகும், என் லாரி பின்னால் போகும்.

விளையாட்டு எனக்கு ஒரு பொருட்டே இல்லை. இந்த வயதில் அந்த வண்டிக்கும் கியர் மாற்ற வேண்டுமென்று எனக்கென்ன தலையெழுத்து? போனில் அவன் பேசமாட்டான், அதுதான் காரியம். "சாப்பிட்டியா மக்கா" என்றால் "சாப்பிட்டேன்". "வேலை எப்படி உண்டு" என்றால் "சாரமில்லப்பா", அதாவது பரவாயில்லை. அத்தோடு முடிந்தது. அவன் அம்மா கேட்டால் அதுவும் வராது. சாலையைப் பார்த்து ஓட்டும்போது மட்டும் வாய் திறப்பான். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் நிற்கிறவர்கள், முகம் பார்க்க வேண்டாம் என்பதாலோ என்னவோ, மகளின் கல்யாணம் முடங்கியது முதல் தங்கள் மூலவியாதி வரை என்னிடம் கொட்டியிருக்கிறார்கள்.

மாடிக்கு மேலே தகரக் கூரை. மார்ச் மாதம் பிறந்ததும் பொழுது சாய்ந்த பிறகுகூட அறை வெந்துகொண்டிருக்கும். கம்ப்யூட்டர் சூடு தாங்காமல் பாதி வழியில் அணையத் தொடங்கியது. ஒருநாள் அவன், "அப்பா, ஒரு காரியம் சொல்லணும், அம்மைகிட்ட இப்ப சொல்லாண்டாம்" என்றான். திரை கறுத்துப்போனது. உடனே போனில் கூப்பிட்டேன். ஒன்றுமில்லை என்றான். ஆனால் அவன் அம்மா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவன் எதையோ மறைக்கியான்" என்றாள்.

எனக்கும் அதே சந்தேகம்தான். அவன் மறுபடி வாய் திறக்க வேண்டுமென்றால் இந்தச் சனியன் அணையாமல் ஓட வேண்டும்.

வெயிலைச் சொன்னபோது, தண்ணீர் ஓடவிட்டுக் குளிர வைக்கலாம் என்றவன் அவன்தான். எதை எதை வாங்க வேண்டும் என்றும் அவனே சொன்னான். கூரியரில் வந்த பெட்டியைப் பிரித்தால், என் பஸ்ஸின் முன்பக்கத்தைச் சுருக்கி அனுப்பியது போல இருந்தது: ரேடியேட்டர், பம்ப், குழாய்கள், ஒரு சின்ன டேங்க். எஞ்சினுக்குப் பதிலாக பிராசசரின் மேல் உட்கார ஒரு செப்புக் கட்டை, அதற்குள் மயிரிழை போன்ற வாய்க்கால்கள். லீவு நாளில் தரையில் குப்புறக் கிடந்து மாட்டினேன். முதுகு வேண்டாம் வேண்டாம் என்றது. வீடியோவில் மகன் வழி சொன்னான். ஸ்குரூ விஷயத்தில் மட்டும் அப்படித் தடையில்லாமல் பேசினான்.

"அன்னைக்கு என்னவோ சொல்ல வந்தியே?"

"அத அப்புறம் பேசலாம்பா. அந்தக் குழாய நல்லா முறுக்குங்க."

கூடவே வந்த குப்பியில் இளஞ்சிவப்பாக ஒரு திரவம். டேங்கில் அதை ஊற்றும்போது அவன் அம்மா எட்டிப் பார்த்தாள். "இது நம்ம பதிமுகம் வெள்ளம் போலல்லா உண்டு" என்றாள். எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர்; யாருக்கும் அதைப் பச்சையாகக் கொடுப்பதில்லை. பதிமுக மரச் சீவலைப் போட்டுக் கொதிக்க வைத்தால் அதே நிறத்தில்தான் சிவந்து வரும். நான் சிரித்துவிட்டு மூடியைப் பூட்டினேன். உள்ளே காற்று தங்கினால் பம்ப் செத்துப்போகும், பஸ்ஸும் இப்படித்தான் நின்றுபோகும் என்று பெரிய மெக்கானிக் மாதிரி அவளுக்கு விளக்கமும் சொன்னேன்.

கம்ப்யூட்டர் அணையாமல் ஓடியது. மகன் பேசினான். கூட்டாளி சமைத்த சோறு, பக்கத்து வீட்டு நாய் என்று என்னென்னவோ பேசினான். அந்த ஒரு காரியத்தை மட்டும் சொல்லவில்லை. அவசரப்படுத்தினால் மூடிக்கொள்வான் என்று நானும் அவன் லாரிக்குப் பின்னால் பொறுமையாகப் போய்க்கொண்டிருந்தேன்.

இப்படிச் சில வாரம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கம்ப்யூட்டர் அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. டேங்கைத் திறந்தால் புளித்த கஞ்சி வாடை. குழாயெல்லாம் வழவழவென்று அழுக்கு. அவன் அம்மாவைப் பார்த்தேன்.

"கொறஞ்சு கெடந்து" என்றாள். "நீங்க டூட்டிக்குப் போயிருந்திய. காத்து ஏறினா நின்னுபோவும்னு நீங்கதானே சொன்னிய. அதாக்கும் ஊத்தினேன். பச்சை வெள்ளமில்ல. பதிமுகம் போட்டு அடுப்புல தெளப்பிச்சு, ஆத்தி, அரிச்ச வெள்ளம்."

"உனக்கு மண்டையில மூளை உண்டா?"

"மவன் பேசுகது நின்னுபோவுமேன்னு பயந்துபோய் ஊத்தினேன்" என்று அழுதாள். அதற்கு மேல் நான் என்னத்தைத் திட்ட? அவளும் நானும் ஒரே பயத்தைத்தான் சுமந்துகொண்டிருந்தோம்.

எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு அவனை வீடியோவில் கூப்பிட்டேன். அவன் அம்மா செப்புக் கட்டையைப் பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பதிமுகம் என்றதும் அவன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை காலமாயிற்று. அந்தச் சந்தோஷத்தில் கேட்டேன்: "உனக்க கம்ப்யூட்டர் சூடாவாதா மக்கா? உனக்கும் இதுபோல ஒண்ணு வாங்கி மாட்டுவோமா?"

அவன் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"வேண்டாம்பா. எனக்கு அந்தச் சூடு வேணும்."

"சூடா? எதுக்கு மக்கா?"

"ரூம்ல ஹீட்டர் போடுகதில்ல. கேம் ஓடினா லேப்டாப் கீபோர்டு சுடும். விரலு மரத்துப்போவாது." பிறகு கீழே குனிந்துகொண்டு சொன்னான். "வேலை போச்சுப்பா. கிறிஸ்துமஸ் முடிஞ்ச உடனே போச்சு."

அறைக்குள்ளேயே கம்பளித் தொப்பி போட்டிருந்தான். இத்தனை நாளும் அதை ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். அவன் அம்மா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். ஈரக் கையாலேயே என்னிடமிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"வீட்டுக்கு வந்துரு மக்கா" என்றாள். "இங்க நல்ல சூடு உண்டு."