தேடினால் வராத பக்கம்

என் வீட்டுக்காரர் காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. ரேஷன் கடைக்குப் போய்விட்டு நான் திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது, கட்டிலில் ஆள் இல்லை. ஒரு வருஷமாகவே அவருக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. பெயர் என்ன என்று கேட்டால் கொஞ்ச நேரம் யோசிப்பார், பிறகு சிரித்துவிடுவார்.

எங்கள் ஊர் திருச்சுழிக்குப் பக்கம். கண்மாய், கிணறு, கருவேலங்காடு எல்லாவற்றையும் ஊரார் அன்றைக்கே தேடிவிட்டார்கள். போலீஸில் எழுதிக் கொடுத்தோம். நான் பிறந்த ஊரான பரளச்சியில் தம்பி வீட்டிலும் கேட்டாயிற்று. மகன் அருப்புக்கோட்டைக்குப் போய், பிளக்ஸ் போர்டு அடிக்கிற கடையில் அவர் போட்டோவைக் கொடுத்து ஒரு அறிவிப்பு செய்து வாங்கி வந்தான். மேலே சிவப்பில் 'காணவில்லை', நடுவில் அவர் முகம், கீழே பெயர், வயது, ஊர், நினைவு தப்பியவர் என்று ஒரு வரி, மகனுடைய போன் நம்பர். அதைச் செல்லில் எல்லாருக்கும் அனுப்பினார்கள். இரண்டு நாள் சுற்றியது. அதற்குப் பிறகு காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று வேறு வேறு படங்கள் வந்து விழுந்ததில் அது அடியில் போய்விட்டது.

பிளக்ஸ் கடைக்காரர் மகனோடு ஒரே வகுப்பில் படித்தவர். "ஏலே, செல்லுல அனுப்புறது ரெண்டு நாளைக்குத்தான். நெட்டுல ஒரு பக்கம் கட்டிப் போட்டு வைப்போம். எந்த ஊர்ல எவன் தேடுனாலும் வந்து நிக்கும்" என்றாராம். ஓசியில் பக்கம் கட்டிக்கொள்ள இடம் கொடுக்கிற கம்பெனிகள் இருக்கின்றனவாம். அதில் ஒன்றில் அந்த அறிவிப்பை அப்படியே ஏற்றி வைத்தார்கள்.

மகன் தினமும் பல் விளக்கும் முன் செல்லை எடுத்து, தேடுகிற இடத்தில் அப்பா பெயரையும் ஊரையும் அடிப்பான். யார் யாரோ வருவார்கள். எங்கள் பக்கம் வராது. நான் அடுப்படியில் நின்று அவன் முகத்தைப் பார்ப்பேன். அவன் செல்லைக் கவிழ்த்து வைப்பதிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

கடைக்காரர் அதற்கும் ஒரு காரணம் சொன்னார். "ஓசியில கட்டுனத எவன் மதிப்பான்? தேடிக் குடுக்குற கம்பெனிக்கு வேண்டப்பட்ட இடம்னு சிலது இருக்குலே. அதுல கட்டுனாத்தான் முன்னுக்குக் காட்டுவான்."

எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. தாலுகா ஆபீஸில் பட்டாவுக்கு நடந்தவள் நான். தெரிந்த ஆள் இருந்தால் நம் காகிதம் மேலே வரும், இல்லாவிட்டால் அடியில் கிடக்கும். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்தேன். பக்கத்தைக் கலைத்து வேறொரு கம்பெனியின் இடத்தில் வைத்தார்கள். ஒரு வாரம் பார்த்தார்கள், வரவில்லை. இதைவிட வேண்டப்பட்டது என்று மூன்றாவதாக ஒன்றுக்கு மாற்றினார்கள். அவர் எங்கே எந்த வெயிலில் நிற்கிறாரோ, எங்களுக்கு நாளெல்லாம் இதிலேயே போயிற்று.

வீட்டில் உட்கார முடியாமல் நான் அந்த அறிவிப்பை அச்சடித்த தாள்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தினம் ஒரு ஊருக்குப் பஸ் ஏறினேன். ஆள் முன்னால் வாய் வராது எனக்கு. தாளை நீட்டிக்கொண்டு நிற்பேன். நோட்டீஸ் கொடுக்க வந்த கிழவி என்று வாங்கி மடித்து வைப்பார்கள். சிலர் அதில் வடையைக்கூட வைத்துக்கொண்டார்கள். வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

வீரசோழனில், முஸ்லிம் பெண்கள் தொழுகைக்குப் போடுகிற உடுப்பு விற்கிற ஒரு துணிக்கடையில் நீட்டினேன். கடை நடத்துகிற அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவர் ஒருவர்தான் முழுதும் வாசித்தார்.

"உக்காருங்கம்மா. நெட்டுல போட்டிருக்கீகளா?"

தலையை ஆட்டினேன். தாளின் அடியில் மகன் பேனாவால் எழுதியிருந்த நெட் பக்கத்து விலாசத்தைப் பார்த்துப் பார்த்துச் செல்லில் அடித்தார். பக்கம் திறந்தது.

"தேடுனா வர மாட்டேங்குது" என்றேன். எனக்கே கேட்காத குரல். "மூணு எடம் மாத்தியாச்சு. மொதல்ல வச்ச எடம் ஓசி. வேண்டப்பட்ட எடத்துல வச்சாத்தான் வருமாம்."

"மொதல்ல எதுல வச்சீக?"

கம்பெனியின் பெயர் மகன் சொல்லிச் சொல்லி எனக்குப் பாடமாகியிருந்தது. சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"என் கடைப் பக்கமும் அந்த ஓசியிலதாம்மா இருக்கு. வீரசோழன் தொழுகை உடுப்புன்னு அடிங்க, மொத ஆளா வரும்." அடித்தும் காட்டினார். வந்தது.

"அப்ப எங்களுது மட்டும் ஏன் வரல?"

"இதுல ஒரு எழுத்துகூட இல்லையேம்மா. பேரு, ஊரு எல்லாம் போட்டோவுக்குள்ளல்ல இருக்கு. நம்ம கண்ணுக்கு அது எழுத்து. தேடுற மிஷினுக்கு வெறும் படம். நானும் மொதல்ல துணியப் படமா மட்டும் போட்டு வச்சு, ஈ காக்கா வராம கெடந்தேன். என்ன துணி, எந்த ஊருன்னு எழுத்தா எழுதுன பொறகுதான் ஆளு வந்துச்சு. இதுல எடத்த வேற மாத்திக்கிட்டே இருந்தா, ஒவ்வொரு தடவையும் அதுக்கு நீங்க புது ஆளு." தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "இன்னொண்ணும்மா. அவுகள எங்கயாச்சும் பாக்குறவுக என்னத்த அடிச்சுத் தேடுவாக? பேரு தெரியாதுல்ல."

தன் பெயரையே மறந்தவரை அவர் பெயரால் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"வெளிய போனா என்ன பேசுவாக, யாரைக் கேப்பாகன்னு எழுதுங்க. அதைத்தான் பாத்தவுக அடிப்பாக" என்று பேனாவைக் கொடுத்தார்.

பேனாவை வாங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் என்ன பேசுவார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மகனிடம்கூட நான் சொன்னதில்லை. என்னைக் கட்டுவதற்கு முன்னால் அவர் என் அக்காளைக் கட்டியிருந்தார். தலைப்பிரசவத்துக்குப் பரளச்சி போன அக்காள் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். மறு வருஷம் என்னைக் கொடுத்தார்கள். நாற்பத்தெட்டு வருஷம் அக்காள் பேச்சை அவர் எடுத்ததில்லை. நினைவு தப்பின பிறகு வேறு பேச்சே இல்லை. என்னைப் பார்த்து, "நீ யாரு தாயி? அவ எங்க?" என்பார். ஊர் என்ன நினைக்கும், மகன் என்ன நினைப்பான் என்று, யார் வந்தாலும் பேச்சை மாற்றி அவரை உள்ளே அனுப்பி, நான் மூடி மூடி வைத்திருந்தேன். போலீஸில் கேட்டபோதும், அவர் ஒன்றும் பேசமாட்டார் என்றுதான் சொன்னேன்.

ஐந்தாம் வகுப்பு எழுத்து என்னுடையது. ஒரு தாளைத் திருப்பிப் போட்டு எழுதினேன். யாரைப் பார்த்தாலும் பரளச்சி பஸ் எப்போது என்று கேட்பார். என் பெஞ்சாதி கோபித்துக்கொண்டு போய்விட்டாள், கூட்டி வர வேண்டும் என்பார். அவள் பெயரைக் கேட்டால் இன்ன பெயர் என்பார். அந்த இடத்தில் அக்காள் பெயரை எழுதினேன். எழுத்துக் கோணிவிட்டது, அடித்துவிட்டுத் திரும்பவும் எழுதினேன். இடது காது மடலில் ஒரு வெட்டு உண்டு என்பதையும் சேர்த்தேன்.

சாயந்திரம் மகன் அதை வாசித்தான். "இதை ஏம்மா மொதல்லயே சொல்லல?" என்றான். பழைய ஓசி இடத்திலேயே பக்கத்தைத் திருப்பி வைத்து, நான் எழுதியதை எழுத்தாகவே அடித்தான். நாலைந்து நாள் கழித்துக் காலையில் தேடினபோது எங்கள் பக்கம் வந்தது. அவன் செல்லை என்னிடம் நீட்டினான். என் வார்த்தைகள் அப்படியே இருந்தன.

அதற்கு மறுநாள் போன் வந்தது. காரியாபட்டியில் பஸ் ஸ்டாப் பக்கம் டீக்கடை வைத்திருக்கிற ஒரு பெண். மகன் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

"காதுல வெட்டு இருந்துச்சுண்ணே. தாடியெல்லாம் வளந்து, ஒரு காலு வீங்கிப் போயி வந்தாரு. ரெண்டு டீ குடிச்சாரு. பரளச்சி பஸ்ஸு, பரளச்சி பஸ்ஸுன்னு அதே பேச்சு. பெஞ்சாதி பேரும் நீங்க போட்டிருக்க பேருதான் சொன்னாரு."

"எப்பக்கா?"

"பதினஞ்சு நாளு இருக்கும். அவரு இங்க உக்காந்திருக்கும்போதே நான் போன்ல அடிச்சுப் பாத்தேன்ணே. பெரியவர் காணவில்லை, பரளச்சின்னு. ஒண்ணும் வரல. யாரும் தேடல போலன்னு நெனச்சுட்டேன். மதுர பஸ்ஸு வந்துச்சு, பரளச்சி போகுமான்னு கேட்டுக்கிட்டே ஏறிட்டாரு. மனசு கேக்காம இன்னைக்கு மறுபடி அடிச்சேன். இப்ப வருது."

பதினைந்து நாளைக்கு முன்னால் எங்கள் பக்கத்தை மூன்றாவது இடத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மகன் அன்றே மதுரைக்குப் போனான். பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, கோயில் வாசல், அனாதை விடுதிகள் என்று மூன்று நாள் அலைந்துவிட்டு வந்தான். ஒரு தகவலும் இல்லை. மறுபடி கிளம்பினபோது பக்கத்தில் இன்னும் கொஞ்சம் சேர்க்கச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அடித்தான்.

"இவரைப் பார்த்தால் பஸ் ஏற்றிவிடாதீர்கள். பிடித்து உட்கார வையுங்கள். பெஞ்சாதிக்குக் கோபம் தீர்ந்துவிட்டது, வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லுங்கள், இருப்பார்."

"இப்படியே போடவாம்மா?"

"போடு" என்றேன்.