பன்னிரண்டு ராக்கர்கள், ஒரு வாஷர்

மோட்டார் ரிப்பேர் தொழிலில் கையில் ஏறிய கரி சோப்புக்குப் போய்விடும். கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விழுங்கிய கேள்வி போகாது. ஸ்பானர் பிடித்துப் பிழைக்கும் உங்களுக்கும் இப்படி ஒன்றாவது இருக்கும். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஆனால் எண்ணிக்கை தவறமாட்டேன். கழற்றிய நட்டுகளை எண்ணித் தட்டில் வைப்பேன், மாட்டும்போது மறுபடி எண்ணுவேன். கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் வயதிலும் நான்தான் மூத்தவன். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைத்தான் கீழே எழுதுகிறேன்.

மடிக்கு ஒரு பந்தயம்

சென்னியப்பன் துடியலூர்க்காரர். தோட்டமும் ஆறு சிலிண்டர் கார் ஒன்றும் உண்டு, பிள்ளை இல்லை. அவிநாசியில் இருக்கும் அக்காளின் கடைசிக் குழந்தையான மகனுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவதுதான் வழக்கம். மாமன்மாரோ இரண்டு பேர். மூத்தவர் குமாரசாமியின் மடியில் அக்காளின் இரண்டு பெண்களும் ஏற்கெனவே உட்கார்ந்தாகிவிட்டது. இந்த ஒரு தடவை தனக்கு விடச் சொல்லி இளையவர் கேட்டார், மூத்தவர் விடவில்லை. கடைசியில் அக்காளே ஒரு வழி சொன்னாள். இரண்டு பேரும் கோயமுத்தூரிலிருந்து ஒன்றாகக் கிளம்பட்டும், யார் கார் முதலில் கோயில் முன்னால் வந்து நிற்கிறதோ அவர் மடி.

மூத்தவருடைய கார் பெரியது. ஆகவே இளையவர் தம் என்ஜினை அவிழ்த்து வேகத்துக்குக் கட்டச் சொல்லி என்னிடம் வந்தார். என்ஜின் தலையில் இருந்த ராக்கர்கள் பன்னிரண்டும் தேய்ந்திருந்தன. ராக்கர் என்பது கிணற்று ஏற்றம் மாதிரி ஆடும் ஒரு சின்ன இரும்புக் கை. ஒரு முனையைக் கீழிருந்து ஒரு கம்பி தூக்கும், மறுமுனை வால்வை அமுக்கித் திறக்கும். அது தேய்ந்தால் வால்வு முழுதாகத் திறக்காது, வேகமும் வராது. பன்னிரண்டையும் மாற்ற வேண்டும் என்றேன்.

“என்ன வேணுமோ செய்யுங்க பெரியவரே. ஒரே ஒருக்கா அந்தப் பையன் எம் மடியில உக்காரோணுமுங்க.”

உக்கடத்தில் ஒரு குவியல்

உக்கடத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த ராவுத்தரிடம் அதே மாதிரி என்ஜினிலிருந்து கழற்றிய ராக்கர்கள் ஒரு குவியல் இருந்தன. எண்ணினேன், முப்பத்தொன்று. கனமானவை வளையாது, ஆனால் வேகத்தில் பின்தங்கும். இலேசானவை சொன்னபடி ஆடும். இலேசானவற்றை ஒதுக்கி, முனையை நகத்தால் தடவிப் பார்த்து, ஒவ்வொன்றையும் கம்பியில் தொங்கவிட்டுத் தட்டி, விரிசல் ஓசை கேட்டதையெல்லாம் தள்ளி, பன்னிரண்டு எடுத்தேன். மூன்று முறை எண்ணினேன். தேய்ந்த பழையவற்றை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

“ஜோடி பார்த்தாச்சுங்களா?” என்று ராவுத்தர் கேட்டார். என்ன ஜோடி என்று எனக்குத் தெரியவில்லை. அதுவரை நான் பிரித்ததெல்லாம் வால்வு பக்கவாட்டில் இருக்கும் என்ஜின்கள். அவற்றில் ராக்கரே கிடையாது. ஐம்பத்து மூன்று வயதில் அதை ஒருவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. பார்த்தாச்சு என்றேன்.

“அப்பச் சரி. நீங்க எண்ணினதை நான் மறுக்கா எண்ண மாட்டனுங்க.”

நகைத் தராசில் இரும்பு

பன்னிரண்டும் ஒரே எடை இருந்தால்தான் என்ஜின் அதிராமல் ஓடும் என்று எனக்குப்பட்டது. தெருக்கோடியில் நகை செய்யும் ஆசாரியிடம் போய்த் தராசு கேட்டேன். நிறுத்து, அரத்தால் ராவி, மெருகிட்டு, மறுபடி நிறுத்து, இரண்டு நாளில் பன்னிரண்டையும் ஒரு குன்றிமணிக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் கொண்டுவந்தேன். வெள்ளி மாதிரி மின்னின. அப்போது எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

ஆசாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க, இதையும் காதுலதான் போடறாங்களா?”

வாஷர்

காதுகுத்துக்கு முந்தின நாள் காலை மாட்ட உட்கார்ந்தேன். பதினொன்று சரியாக உட்கார்ந்தன. பன்னிரண்டாவதின் முனை வால்வுக்கு வெளியே போய் நின்றது. திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. இந்த ராக்கர்களில் ஆறு இடப்பக்கம் சாய்ந்தவை, ஆறு வலப்பக்கம் சாய்ந்தவை. ராவுத்தர் கேட்ட ஜோடி அதுதான். நான் எடுத்து வந்ததில் இடது ஏழு, வலது ஐந்து.

சைக்கிளில் உக்கடம் போய்வர ஒரு மணி நேரம் போதும். அங்கே இன்னும் பத்தொன்பது கிடந்தன. போயிருந்தால், பார்த்தாச்சு என்று சொன்ன வாயால் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். நான் போகவில்லை. ஒரு வாஷரைப் பக்கத்தில் கொடுத்து ராக்கரை நகர்த்தினேன். முனை பாதியளவு வால்வின்மேல் வந்தது. கையால் சுற்றிப் பார்த்தேன், ஆடியது. மேல்மூடியைப் போட்டு இறுக்கினேன்.

பக்கத்து வண்டியில் வேலையாய் இருந்த பிட்டர் மாரப்பன் தலையைத் தூக்கினான்.

“என்னங்கண்ணா, எண்ணாமயே மூடிப்போட்டீங்க?”

கருமத்தம்பட்டி தாண்டி

மறுநாள் சென்னியப்பன் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். சீர்த்தட்டு என் மடியில் இருந்தது. பட்டுத் துணி, தேங்காய், பையனுக்குக் கடுக்கன். சூலூர் பிரிவில் மூத்தவரை முந்தினோம். சென்னியப்பன் சின்னப் பையன் மாதிரி சிரித்தார். எனக்குக் காதெல்லாம் என்ஜின்மேல்தான்.

கருமத்தம்பட்டி தாண்டி ஒரு மைலில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. ஓரமாக அமுங்கிக்கொண்டிருந்த அந்த வால்வு கோணித் திறந்தபடியே இறுகிவிட்டது. மேலே வந்த பிஸ்டன் அதில் இடித்து என்ஜின் நின்றது. கால் மணிக்குள் மூத்தவரின் கார் வந்து நின்றது. தம்பியைத் தட்டோடு ஏறச் சொன்னார். நான் காரை இழுக்க மாடு பிடித்துவருவதாகச் சொல்லி ஊருக்குள் நடந்தேன். சென்னியப்பன் தம் சாமான்களை எடுக்கக் காரருகே நின்றார்.

கோயிலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பையன் மூத்தவர் மடியில் அழுதுகொண்டிருந்தான். சென்னியப்பன் பக்கத்தில் நின்று அவனுக்குச் சர்க்கரை ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“பெரியவர் மேல ஒரு குத்தமுமில்லீங்க. நாந்தான் வண்டிய மெரட்டி ஓட்டிப்போட்டேன்.”

எண்ணிய நாட்கள்

காரைப் பழுது பார்த்துக் கொடுத்தபோதும் நான் சொல்லவில்லை. காதுகுத்து நாளிலிருந்து ஒவ்வொரு நாளாக எண்ணினேன். இருநூற்றுப் பத்தாம் நாள் துடியலூருக்கு நடந்தே போய், வாசலில் நின்றபடி ஏழு இடது, ஐந்து வலது, வாஷர் எல்லாவற்றையும் சொன்னேன். மோர் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் செம்பை வாங்கிக்கொண்டு சொன்னார்:

“தெரியுமுங்க. நீங்க மாடு புடிக்கப் போனப்பவே மூடியத் தொறந்து பாத்துப்போட்டேன். நீங்களா வந்து சொல்ல எத்தன நாளாகுதுன்னு, நீங்க வேலைய முடிச்ச நாள்லருந்து எண்ணிட்டு இருந்தனுங்க. இன்னைக்கோட இருநூத்திப் பதினொண்ணு ஆச்சு.”

வீட்டுக்கு வந்து, வாஷர் வைத்த நாளையும் சேர்த்து மறுபடி எண்ணிப் பார்த்தேன். அவர் கணக்குத்தான் சரி.