வெளியேற்றப்பட்ட சனத்தை நடக்கவிட்டவர்

பர்ஹானா அக்கா டெங்குக் காய்ச்சலில் போய்விட்டார் என்ற செய்தி காலையில் எங்கள் குழுவின் வட்ஸ்அப்பில் வந்தது. கிளிநொச்சியிலிருந்து பஸ் பிடித்து நான் தண்ணீரூற்றை அடைந்தபோது ஜனாஸாவை அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள்.

அவருடன் வேலை செய்த உங்களுக்கு அவருடைய வாயைத் தெரியும். வன்னிச் சிற்றரசர்கள் ஒல்லாந்தரோடு பொருதிய காலத்தை வைத்து நாம் செய்யும் கணினி விளையாட்டில், படைக்கு உணவு போகும் விதிகள் அவருடையவை. ஊர்களின் விசுவாசத்துக்கான விதிகள் என்னுடையவை. மாரியிலும் வேகம் குறையாத மாட்டுவண்டியைக் கண்டு, "இது மாடோ, மோட்டச்சைக்கிளோ? முள்ளியவளைச் சேத்துக்குள்ள ஒருக்கா இறக்கிப் பாருங்கோ" என்று எங்கள் எல்லோரையும் சிரிக்கவைத்தார்.

விசுவாசம் குறைந்த ஊர் எதிரிக்கு நெல் கொடுக்கும். அதைத் தடுக்க, ஊர்ச் சனத்தை வெளியேற்றும் பட்டன் ஒன்றை நான் வைத்தேன். அக்கா அதை அழுத்திப் பார்த்தார்.

"சனம் எங்க போனது?"

"கணக்கில இல்லை, அக்கா."

"உம்மட படைக்கு மட்டும்தான் பசிக்குமோ, பிள்ளை?"

"விளையாட்டுத்தானே."

"ஓம்," என்றார். சிரிக்கவில்லை.

1990இல் வடக்கிலிருந்து எங்கள் ஆட்கள், தமிழ் இயக்கத்தவர், துரத்திய முஸ்லிம் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. எனக்கு அது தெரியும். அந்தப் பட்டனை வைக்கும்போது ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை. இன்றும் அதை நினைத்தால் முகம் சுடுகிறது.

பட்டனை எடுக்கப் போனேன். அக்கா விடவில்லை. "எடுத்தா அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை எண்டு ஆயிடும். போன சனத்தை நடக்கவிடுவம்." இப்போது அவர்கள் தங்கள் ஊர்ப்பெயரோடு வரைபடத்தில் தெற்கே நடக்கிறார்கள், போய்ச்சேரும் ஊரில் சோறு கேட்கிறார்கள். திரும்பி வந்தால் அவர்களுடைய விசுவாசத்தை எவ்வளவு என்று வைப்பது எனக் கேட்டேன்.

"ஊருக்குத்தான் எல்லாரும் நம்பர் போடுறியள். அரசனுக்கு ஆர் போடுறது?"

கணினியை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அடக்கம் நடந்த அன்று தண்ணீரூற்றில் அவருடைய உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்க புத்தளத்தில அகதியா இருக்கேக்க பிறந்த பிள்ளை. ஊருக்கு வரவேணும் எண்டு ஒற்றைக்காலில நிண்டது அவதான். உங்களுக்கு எந்த ஊர், மகள்?"

"விசுவமடு."

"அல்லாஹ்வே, அப்ப நீங்களும் சண்டைக்குள்ள ஓடி ஓடித்தானே வளந்திருப்பியள்."

அந்த இரக்கத்தை ஏற்க எனக்கு உரிமை இருக்கவில்லை.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் கேட்ட கேள்வி. அரசனுக்கு எண் போடும் விதியை எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதலில் எண் குறைவது, சனத்தை வெளியேற்றிய எங்கள் தரப்பு வன்னி அரசனுக்கு.