சிவகிரி வண்டியின் குண்டு எழுத்து

ஆவணி இரண்டாம் வெள்ளி, காலை மணி பத்து ஐம்பது. மேற்கே கருத்திருந்தும் ஒரு சொட்டு இல்லை, ஒரே புழுக்கம். மாத்திரை வாங்க சங்கரன்கோவில் பஸ் நிலையத்துக்குப் போனவன், எதிரே புதிதாகத் திறந்த ஐஸ்கிரீம் கடையின் பலகையைப் பார்த்ததும் மாத்திரையை மறந்துவிட்டேன். அதே குண்டு எழுத்து! மூலை என்பதே இல்லாமல், எண்ணெயில் போட்ட பூரி போல உப்பிய எழுத்து.

ஒரு காலத்தில் அது எங்கே இல்லை, சொல்லுங்கள்? கலர் சோடாக் கடையில், உரக்கம்பெனிச் சுவர் விளம்பரத்தில், சினிமாத் தட்டியில். ‘இன்று முதல்’ என்பதை ஒல்லியாக எழுதினால் படம் ஓடாது என்று கொட்டகைக்காரர்கள் நம்பினார்கள். எனக்கோ அப்போதே கிட்டப்பார்வை. கண்ணாடி இல்லாமல் தெரிகிற எழுத்து இது ஒன்றுதான்.

எல்லாவற்றிலும் குண்டு, சிவகிரி போகும் தனியார் பஸ்ஸின் நெற்றியில் இருந்த பெயர். சிவப்பில் மஞ்சள். சுழிகள் தடித்துத் தடித்து உள்ளே இருந்த ஓட்டையெல்லாம் அடைபட்டுப்போயிருக்கும். யாரும் அதைப் படித்ததில்லை. மஞ்சளாக, குண்டாக வந்தால் சிவகிரி வண்டி, ஏறிவிட வேண்டியது. நெசவாளர் சங்க அலுவலகத்தில் என் எதிர் மேஜையில் டைப் அடித்த ஞானசெல்வியும் தினமும் அப்படித்தான் ஊருக்குப் போவாள்.

அந்த வண்டியின் கூட்டத்தைப் பார்த்த குருவிகுளம் வண்டிக்காரர், தன் வண்டிக்கும் அதே எழுத்தை எழுதச் சொன்னார். எழுதிய மறுநாள் சனிக்கிழமை, மழை. ஞாயிற்றுக்கிழமை ஞானசெல்வியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அலுவலகமே பேசிக்கொண்டிருந்தது. என் மனதில் இருந்ததைச் சொல்ல அந்த ஒரு சாயங்காலம்தான் மீதி. பின்னாலேயே போனேன். அவள் குடையை மடக்கி, மஞ்சளைப் பார்த்து ஏறினாள். கிட்டே போன பிறகுதான் அது வேறு வண்டி என்று எனக்குத் தெரிந்தது. சொல்லலாமென்று நானும் ஏறினேன், வண்டி கிளம்பிவிட்டது.

“சிவகிரியா? இது குருவிகுளம் வண்டில்லா அண்ணாச்சி!” என்றார் கண்டக்டர். “காலையில இருந்து இதே கூத்துதான். எழுத்து குண்டா இருந்தா ஏறிருதிய. ஒருத்தராவது படிக்கியளா?”

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஒரு டீக்கடைத் தாழ்வாரத்தில் திரும்பும் வண்டிக்காக முக்கால் மணி நேரம் நின்றோம். நான் பேசியது என்ன தெரியுமா? எழுத்தைப் பற்றி! சுழி எவ்வளவு தடித்தால் ஓட்டை அடைபடும், மஞ்சளுக்குப் பதில் வெள்ளை அடித்தால் எப்படித் தெரியும் என்று.

“இதச் சொல்லத்தான் வண்டியில ஏறினியளா சார்?”

“இல்ல, வண்டி தப்புன்னு சொல்ல ஏறினேன்.”

“அதையும் சொல்லியாச்சு. வேற ஒண்ணும் இல்லியே?”

மழைக்குள் தூரத்தில் மஞ்சள் தெரிந்தது.

“வண்டி வருது,” என்றேன்.

அவள் குடையை விரித்தாள். பிறகு, “இந்தத் தடவயாவது படிச்சுப் பாத்துச் சொல்லுங்க,” என்று சிரித்தாள்.

தையில் கல்யாணமாகித் தூத்துக்குடி போனாள். இரண்டு வண்டிகளும் எங்கோ விலைபோயின. இப்போது பஸ் நெற்றியில் சிவப்பு விளக்கு எழுத்து ஓடுகிறது. நான் படித்து முடிப்பதற்குள் வண்டி போய்விடுகிறது.

அந்தச் சாயங்காலத்துக்கு எனக்கு ஆன செலவு நான்கு டிக்கெட், இரண்டு டீ. மொத்தம் இரண்டு ரூபாய் நாற்பது காசு.