ஸ்வெட்டர் போட்ட நாய்

டெல்லியில் டிசம்பர் பிறந்துவிட்டால் தெருநாய்களுக்கும் ஸ்வெட்டர் வந்துவிடும். யாராவது பழைய ஸ்வெட்டரின் கைகளைக் கத்தரித்து, முன்கால்களை நுழைத்து மாட்டிவிடுவார்கள். எங்கள் பல்கலைக்கழக நூலகப் படியில் படுத்துக்கிடந்த நாய்க்கு மாட்டிவிட்டது நான். லோதி ரோடு அலுவலகத்துக்கு அப்பா பத்துக் குளிர்காலம் போட்டுக்கொண்டு போன மெரூன் ஸ்வெட்டர். அதைப் போட்டுக்கொண்டு அந்த நாய் வெயிலில் உட்கார்ந்தால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயரும் செக்‌ஷன் ஆபீசர்தான். இன்றைக்கும் குளிர் தொடங்கினால் முதலில் அந்தப் படிதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

எம்.ஏ. முதல் வருடத்தில் ஒரு பேப்பரில் ஃபெயிலாகிவிட்டேன். வீட்டில் ஒருவரும் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கூடப் படித்தவர்கள் முகத்தில் விழிக்கக் கூசி, நூலகத்துக்குள் போகாமல் படியிலேயே உட்கார்ந்து அதே பாடத்தை மறுபடி படிப்பேன். நாய் வந்து என் ஷூ மேல் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும். பக்கம் புரட்டக் கொஞ்சம் அசைந்தாலும் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கும். அதற்குப் பயந்தே நான் எழுந்திருக்காமல் படித்தேன். எங்கே போயிற்று உன் மார்க் என்று கேட்காத ஒரே ஜீவன் அதுதான்.

அந்தக் குளிர்காலத்தில், பரீட்சை பயத்தைப் போக்குவதற்கென்றே பழக்கிய நாய்களை ஒருநாள் வளாகத்துக்கு வரவழைப்பதாக மாணவர் நலக் குழு முடிவு செய்தது. ஆளுக்குக் கால் மணி நேரம். குழுவில் பெயருக்கு நானும் இருந்ததால் கடிதம் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. கிட்வாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில் வளர்ந்த எங்களுக்கு ஃபைல் பாஷை தாய்ப்பாலோடு வருவது. நாய்களை அழைத்துவரும் அம்மாள், புல்வெளிப் பக்கம் வேறு நாய்கள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார். நான் செக்யூரிட்டிக்கு, "வளாகத்திலுள்ள எல்லா நாய்களும் விதிவிலக்கின்றி அப்புறப்படுத்தப்பட வேண்டும்" என்று ஆங்கிலத்தில் முழங்கிவிட்டேன். அந்த 'விதிவிலக்கின்றி' என்பது கம்பீரத்துக்காகச் சேர்த்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"நல்லா வந்திருக்கு. எங்க செக்‌ஷன்ல ஒருத்தனுக்கும் இப்படி எழுத வராது."

ஃபெயிலான பிறகு அப்பா என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. தலைகால் புரியவில்லை. படியில் படுத்திருப்பதும் ஒரு நாய் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

சொன்ன நாளில் மூன்று நாய்கள் வந்தன. புல்வெளியில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். அதட்டிப் பேசியே பழகிய ஹாஸ்டல் மாணவன் ஒருவன், ஒரு நாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கால் மணி நேரமும் எழுந்திருக்கவில்லை. கேலி செய்ய வந்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். என் முறை வந்தது. கூப்பிடாதே, சும்மா உட்கார், அதுவே வரும் என்றார் அந்த அம்மாள். வயதான லாப்ரடார் ஒன்று ஆடி அசைந்து வந்தது. என் முகத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து என் ஷூவை முகர ஆரம்பித்தது. முகர்ந்தது, முகர்ந்துகொண்டே இருந்தது.

"வீட்டில் நாய் இருக்கிறதா?" என்று அந்த அம்மாள் இந்தியில் கேட்டார்.

இல்லை என்று வாயெடுத்தேன். அப்போதுதான் திரும்பி நூலகப் படியைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

கேட்டுக்கு ஓடினேன். அங்கிருந்த காவலாளி, தினமும் அந்த நாய்க்குத் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துப் போடுகிறவர்.

"அண்ணா, அந்த ஸ்வெட்டர் போட்ட நாய் எங்கே?"

அவர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். என் கடிதம். இதுவுமா என்று ஆபீசில் போய்க் கேட்டாராம். 'விதிவிலக்கின்றி' என்ற இடத்தைத் தொட்டுக் காட்டினார்களாம். காலையிலேயே ஆட்டோவில் ஏற்றி ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டார். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

இருட்டும்வரை தேடினேன். வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா தட்டை என் முன்னால் தள்ளினாள்.

"ஏட்டி, நீ பட்டினி கெடந்தா அது வந்துருமா? ஸ்வெட்டரு போட்டிருக்குல்லா. வளத்த நாயின்னு யாராச்சும் சோறு போடுவாக."

அப்பா மறுநாள் சாயங்காலம் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கழித்து வந்தார். ஷூவெல்லாம் புழுதி.

"பஸ்ஸ விட்டு இறங்கி ரிங் ரோட்டுல நடந்து பாத்தேன். இல்ல."

அடுத்த நாளும் அப்படியே வந்தார். அப்பாவை அவ்வளவு பிரியமாக நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அந்த குவார்ட்டர்ஸை இடித்து இப்போது அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். வாசலில் குனிந்து அவர் ஷூவைத் தட்டிய சத்தம் மட்டும் என்னிடம் இருக்கிறது.

நான்காம் நாள் காலையில் நூலகப் படியில் மெரூன் நிறம் தெரிந்தது. ஸ்வெட்டர் ஒருபக்கம் கிழிந்து தொங்கியது. பின்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் தூக்கி வைத்திருந்தது. அத்தனை வண்டிகளுக்கு நடுவே அந்த ரோட்டை எப்படிக் கடந்ததோ. பக்கத்தில் போக எனக்கு வெட்கமாக இருந்தது. உறுமட்டும், கடிக்கட்டும் என்றுதான் போய் உட்கார்ந்தேன்.

அது நொண்டிக்கொண்டு வந்தது. என் ஷூவை இரண்டு தடவை முகர்ந்தது. அந்த லாப்ரடாரின் வாசனை இன்னும் போகவில்லையோ என்னவோ. பிறகு அதன்மேலேயே தலையை வைத்துப் படுத்தது.

"எழுதினது நாந்தான்" என்று அதனிடம் சொன்னேன்.

வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டு அது தூங்கிப்போனது.